மகள் ஐடி படிப்பை விட்டுவிடலாமா?

கேள்வி: என் மகளுக்குப் பதினேழு வயது. சாதாரண நிலைத் தேர்வில் கணக்கில் ஏ1 வாங்கினாள். ஏப்ரலில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஐடி டிப்ளோமா சேர்ந்தாள். அவளே ஆசைப்பட்டு எடுத்த படிப்பு. இப்போது முதல் செமஸ்டர் முடிவதற்குள் பிசினஸ் டிப்ளோமாவுக்கு மாறிவிடுகிறேன் என்று அழுகிறாள். வகுப்பில் பெண் பிள்ளைகள் நாலைந்து பேர்தானாம். "லெக்சரர் சொல்றதுக்கு முன்னாடியே பையன்களுக்கு எல்லாம் தெரியுது, நான் மட்டும் முட்டாள் மாதிரி உட்கார்ந்திருக்கேன்" என்கிறாள். புரோகிராமிங் டெஸ்டில் மதிப்பெண்ணும் குறைவு. என் நாத்தனார், "பொம்பளப் பிள்ளைக்கு அக்கவுண்ட்ஸ், டீச்சிங் போதும்னு நான் அப்பவே சொன்னேனே" என்கிறார். என் கணவர், அவள் இஷ்டம் என்று ஒதுங்கிக்கொண்டார். நான் ஒரு கிளினிக்கில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறேன். கம்ப்யூட்டர் படிப்பு பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மாற விடுவதா, தொடரச் சொல்வதா?
- ஒரு தாய், உட்லண்ட்ஸ்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் செமஸ்டர் முடியும்வரை எந்த முடிவும் வேண்டாம். அழுதுகொண்டிருக்கும்போது எடுக்கிற முடிவு அவள் எடுத்ததாக இருக்காது, அந்த அழுகை எடுத்ததாகத்தான் இருக்கும்.

மகள் சொன்னதையே கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். லெக்சரர் சொல்வதற்கு முன்பே பையன்களுக்குத் தெரிகிறதென்றால், அவர்கள் வேறெங்கோ ஏற்கெனவே கற்றுக்கொண்டு வந்திருக்கிறார்கள். ரோப்லாக்ஸ், மைன்கிராஃப்ட் என்று விளையாட ஆரம்பித்து, விளையாட்டையே மாற்றிப் பார்க்க ஆசைப்பட்டு, யூடியூப் பார்த்து நாலு வரி நிரல் (புரோகிராம்) எழுதி, அது வேலை செய்யாமல் போய், மறுபடி எழுதிப் பார்த்த பிள்ளைகள் அவர்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில், தங்கள் அறையில், யாரும் பார்க்காத நேரத்தில் பண்ண வேண்டிய தப்பையெல்லாம் பண்ணி முடித்துவிட்டார்கள். உங்கள் மகள் அதே தப்புகளை இப்போது முதன்முறையாக, ஒரு வகுப்பே பார்த்துக்கொண்டிருக்கும்போது பண்ணுகிறாள்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். பைத்தான் மொழியில் ஐந்து தோழிகளின் பெயர்களை ஒரு பட்டியலாகப் போடுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பெயரைத் திரையில் காட்ட வேண்டும். ஐந்தாவது பெயர்தானே என்று 5 என எழுதுவாள். உடனே நிரல் நின்றுபோய், 'லிஸ்ட் இண்டெக்ஸ் அவுட் ஆஃப் ரேஞ்ச்', அதாவது பட்டியலில் அப்படி ஓர் இடமே இல்லை, என்று திரையில் வரும். காரணம், அந்த மொழியில் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். முதல் பெயருக்கு 0, கடைசிப் பெயருக்கு 4. இதை ஒருமுறை பட்டவர்களுக்கு அந்த வரியைக் கண்டதும் கை தானாகத் திருத்திவிடும். படாதவர்கள், தன் மூளையில்தான் கோளாறு என்று நினைத்துக்கொள்வார்கள். பக்கத்து இருக்கைப் பையன் எட்டிப் பார்த்து, "இதுகூடத் தெரியாதா?" என்று கேட்டால் முடிந்தது கதை. அந்தப் பெண் அடுத்த வாரம் லேபில் வாயே திறக்க மாட்டாள். நான் மென்பொருள் துறையில் வெகுகாலம் இருந்தவள். அங்கே தினமும் இதே மாதிரித் தப்புகளைப் பார்த்துத் திருத்துவதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

இந்த முன்கூட்டிய பழக்கம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு சரித்திரமே இருக்கிறது. அமெரிக்காவில் கணினி அறிவியல் இளநிலைப் பட்டம் வாங்கியவர்களில் பெண்களின் பங்கு ஏறிக்கொண்டே போய், 1984 வாக்கில் 37 விழுக்காட்டை எட்டியது. அதற்குப் பிறகு சரிந்தது. 2010 வாக்கில் 20 விழுக்காட்டுக்கும் கீழே. பெண்களின் மூளை அந்த ஆண்டுகளில் மாறிவிடவில்லை. மாறியது வீடு. வீட்டுக் கணினிகள் அப்போதுதான் பரவின. விளம்பரங்களில் பையன்கள்தான் அவற்றின் முன் உட்கார்ந்திருந்தார்கள். பல வீடுகளில் கணினி போய்ச் சேர்ந்ததும் மகனுடைய அறைக்குத்தான். கல்லூரி வகுப்புகளும் கொஞ்ச நாளில், எல்லோரும் ஏற்கெனவே பழகிவிட்டு வருகிறார்கள் என்ற எண்ணத்திலேயே நடக்க ஆரம்பித்தன.

இதைச் சரிசெய்த கல்லூரியும் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் ஹார்வி மட் என்ற சிறிய கல்லூரி, முதலாண்டு நிரல் வகுப்பை முன்பே பழகியவர்களுக்கு ஒன்று, புதிதாக வருபவர்களுக்கு ஒன்று என்று பிரித்தது. எல்லாம் தெரிந்த மாதிரி வகுப்பில் குரல் உயர்த்துகிறவர்களைத் தனியாக அழைத்து, "உன் கேள்விகளை என்னிடம் வகுப்புக்குப் பிறகு கேள்" என்று பேராசிரியர்கள் அன்போடு சொன்னார்கள். பாடத்தையும் அன்றாடச் சிக்கல்களைத் தீர்க்கிற மாதிரி மாற்றினார்கள். கணினி அறிவியலில் சுமார் 10 விழுக்காடாக இருந்த பெண்கள் சில ஆண்டுகளிலேயே 40 விழுக்காட்டை எட்டினார்கள். சேர்ந்த பெண்கள் அதேபோன்ற பெண்கள்தான், வகுப்புதான் வேறு.

நம் சிங்கப்பூரில் 2020 முதல் தொடக்கப்பள்ளி மேல்வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் 'கோட் ஃபார் ஃபன்' திட்டத்தில் பத்து மணி நேரம் நிரல் எழுதச் சொல்லித் தருகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் வீட்டில் நான்கைந்து வருடம் இதிலேயே கிடந்த பிள்ளையோடு பத்து மணி நேரம் எப்படிப் போட்டி போடும்?

சரி, இப்போது நீங்கள் செய்ய வேண்டியதற்கு வருகிறேன். முதலில் மகளிடம் ஒன்றைத் தெளிவாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: அவளுக்குப் பிடிக்காமல் போனது அந்த வேலையா, அந்த வகுப்பறையா? நேரடியாகக் கேட்டால் "எல்லாமேதான்" என்பாள். அதனால் வேறு மாதிரி கேளுங்கள். தனியாக உட்கார்ந்து செய்த ஒரு நிரல் ஓடியபோது எப்படி இருந்தது? லேபுக்குப் போவதற்கு முன் வயிற்றைக் கலக்குகிறதா, லேப்டாப்பை வீட்டில் திறக்கும்போதும் கலக்குகிறதா? வீட்டிலும் வெறுப்பாக இருந்தால் படிப்பை மாற்றுவது பற்றிப் பேசலாம். வீட்டில் சரியாக இருந்து வகுப்பில் மட்டும் நடுக்கமென்றால், அதற்காகப் படிப்பை விடக்கூடாது. பிசினஸ் வகுப்பிலும் சத்தமாகப் பேசுகிறவர்கள் இருப்பார்கள்.

அடுத்தது உங்கள் பங்கு. எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் இப்போது அவளுக்குத் தேவை. மென்பொருள் எழுதுகிறவர்கள் பலர் மேசைமேல் ஒரு ரப்பர் வாத்து பொம்மை வைத்திருப்பார்கள். நிரல் சிக்கிக்கொண்டால், அந்த வாத்துக்கு ஒவ்வொரு வரியாக விளக்கிச் சொல்வார்கள். ஒன்றும் தெரியாதவருக்கு விளக்கும்போது எதையும் தாண்டிப் போக முடியாது. அதனால் பாதி வழியிலேயே தப்பு தன்னால் தெரிந்துவிடும். உலகம் முழுக்க இருக்கிற பழக்கம் இது. ராத்திரி சாப்பாட்டு மேசையில் அவளை லேப்டாப்போடு உட்கார வைத்து, "இந்த வரி என்ன செய்யுது? அப்புறம் என்ன ஆகும்?" என்று தமிழிலேயே கேளுங்கள். புரியாத இடத்தில், புரியவில்லை என்றே சொல்லுங்கள். அரை மணி நேரம் போதும். நீங்கள் திருத்த வேண்டியதில்லை, அவளே திருத்திக்கொள்வாள். வாத்தைவிட நீங்கள் மேல், ஏனென்றால் நீங்கள் திருப்பிக் கேள்வி கேட்பீர்கள்.

கல்லூரியில் அவள் செய்ய வேண்டியவையும் உண்டு. லெக்சரரைத் தனியாகப் பார்க்க நேரம் கேட்கட்டும். மின்னஞ்சலில், "எனக்குப் புரியவில்லை" என்று பொதுவாக எழுதாமல், "லூப்பில் இந்த இடத்தில் சிக்குகிறேன், நான் முயன்றது இது" என்று குறிப்பாக எழுதினால் பதில் நன்றாக வரும். வகுப்பில் இருக்கிற அந்த நாலைந்து பெண்களில் யாராவது ஒருத்தியோடு லேபில் பக்கத்தில் உட்காரட்டும். மற்றவர்களும் இவளைப் போலவே ராத்திரி வீட்டில் அழுகிறவர்களாக இருக்கலாம், யாரும் வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

முக்கியமாகச் சொல்ல வேண்டியது குழு புராஜெக்ட் பற்றி. இதில் நான் கண்டிப்பானவள். நான்கு பேர் குழு அமைந்ததும், வேகமாக எழுதுகிற பையன் கீபோர்டைப் பிடித்துக்கொள்வான். பெண் பிள்ளையிடம், "நீ ரிப்போர்ட் எழுது, ஸ்லைடு பண்ணு, உனக்கு அழகா வரும்" என்பார்கள். பாராட்டு மாதிரிதான் இருக்கும், அவளும் நிம்மதியாகத் தலையாட்டிவிடுவாள். செமஸ்டர் முடியும்போது அவனுக்கு இன்னொரு புராஜெக்ட் அளவு பழக்கம் கூடியிருக்கும், அவளுக்கு ஸ்லைடு போடுவது மட்டும் கூடியிருக்கும். இடைவெளி அகலமாவது இப்படித்தான். அதனால் குழு அமைந்த முதல் நாளே, "லாகின் பகுதியை நான் எழுதுறேன்" என்று ஏதாவது ஒரு துண்டு நிரலைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். சின்னத் துண்டானாலும் பரவாயில்லை. மெதுவாகச் செய்தாலும் பரவாயில்லை. ரிப்போர்ட்டை நால்வரும் பங்கு போட்டு எழுதட்டும். இதே காரணத்துக்காகத்தான், "பெண்களுக்கு டிசைன் பக்கம், டெஸ்டிங் பக்கம் சுலபம்" என்ற அறிவுரையும் எனக்குப் பிடிக்காது. அவளுக்கே அதில் விருப்பமென்றால் தாராளமாகப் போகட்டும். பயந்து ஒதுங்கி அங்கே போய்ச் சேரக்கூடாது.

இன்னொன்றையும் தயவுசெய்து செய்யாதீர்கள். "பெண்களாலும் முடியும் என்று நீ காட்ட வேண்டும்" என்று அவளிடம் சொல்லாதீர்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்வோம். ஆனால் ஒரு டெஸ்டில் மதிப்பெண் குறைந்தால், பெண்குலமே தோற்றுவிட்ட மாதிரி அந்தப் பிள்ளை சுமக்கும். பையன்கள் யாரும் அப்படி ஒரு பாரத்தோடு தேர்வு எழுதப் போவதில்லை. அவள் ஒரு மாணவி, அவ்வளவுதான்.

உங்கள் நாத்தனாரோடு சண்டை வேண்டாம். அவர் வளர்ந்த காலம் அப்படி. இந்த ஊரிலேயே மருத்துவப் படிப்பில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இடம் கிடையாது என்று 1979-இல் வரம்பு வைத்தார்கள். கல்யாணம், குழந்தை என்று வேலையை விட்டுவிடுவார்கள் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. 2003-இல்தான் அது நீங்கியது. இன்று அவர் பார்க்கப் போகிற டாக்டர் பெண்ணாக இருந்தால் அவர் முகம் சுளிப்பாரா? கணினித் துறையிலோ பெண்கள் முதல் நாளிலிருந்தே இருக்கிறார்கள். 1946-இல் உலகத்துக்குக் காட்டப்பட்ட எனியாக் என்ற பெரிய கணினிக்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். சிங்கப்பூரைப் பற்றி பாஸ்டன் கன்சல்டிங் குழுமமும் தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையமும் சேர்ந்து 2020-இல் வெளியிட்ட ஆய்வு, இங்கே தொழில்நுட்பத் துறை ஊழியர்களில் 41 விழுக்காட்டினர் பெண்கள் என்றது. உலகச் சராசரி 28. வகுப்பில் நாலைந்து பேராக இருக்கிறார்களே என்று மகள் கலங்கினால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். வேலைக்குப் போகும்போது அவள் தனியாக இருக்கப் போவதில்லை. அந்த ஆணையத்தின் ஆதரவோடு நடக்கும் 'எஸ்ஜி விமன் இன் டெக்' நிகழ்ச்சி ஒன்றுக்கு அவளையும் லேபில் பக்கத்தில் உட்காரும் அந்தத் தோழியையும் போய்வரச் சொல்லுங்கள். தன்னைவிட ஐந்து வருடம் மூத்த ஒரு அக்காவிடம் பத்து நிமிடம் பேசுவது, நானோ நீங்களோ ஒரு மணி நேரம் சொல்வதைவிட நன்றாக வேலை செய்யும்.

வேலை நேரம், கல்யாணத்துக்குப் பின் எப்படி என்ற கவலை நீங்கள் எழுதாவிட்டாலும் உள்ளே இருக்கும். 2024 டிசம்பர் 1 முதல், நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு வேண்டும் என்று ஊழியர் முறைப்படி விண்ணப்பித்தால், முதலாளி இரண்டு மாதங்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டம் பாலினம், திருமண நிலை, கர்ப்பம், குடும்பப் பராமரிப்புப் பொறுப்பு ஆகியவற்றின் பெயரால் பாகுபாடு காட்டுவதைத் தடுப்பதற்காக இயற்றப்பட்டது. செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதிவிடுகிறதே, பிறகு வேலை கிடைக்குமா என்றும் கேட்கிறார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு வேலைச் சந்தை முன்பு போலச் சுலபமாக இல்லை என்பது உண்மை. அதனால்தான் இயந்திரம் எழுதித் தந்ததைப் படித்து, எங்கே தப்பு என்று கண்டுபிடிக்கிற கண் வேண்டும். சாப்பாட்டு மேசையில் உங்களுக்கு வரி வரியாக விளக்கும்போது அவள் பழகுவதும் அதைத்தான்.

இத்தனைக்கும் பிறகு, செமஸ்டர் முடிந்ததும், "அம்மா, எனக்கு இது பிடிக்கவில்லை" என்று தெளிவாகச் சொன்னாளானால், மாற விடுங்கள். "ஒரு செமஸ்டர் வீணாச்சே" என்று ஒரு சொல்லும் வேண்டாம். "நான் அப்பவே சொன்னேனே" என்று நாத்தனார் சொன்னால், அதற்கு அவள் அப்பா பதில் சொல்லட்டும். அவள் இஷ்டம் என்று சொன்னவர் அவர்தானே, அந்த இஷ்டத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியதும் அவர் பொறுப்பு. படிப்பு மாற்றத்துக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும், என்ன மதிப்பெண் கேட்கிறார்கள், பிசினஸ் டிப்ளோமாவில் இடம் இருக்கிறதா என்பதை மட்டும் இந்த வாரமே கல்லூரி அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கதவு திறந்திருப்பது தெரிந்தால் மீதி வாரங்களைப் பதற்றமில்லாமல் படிப்பாள்.