முட்டை ஓடும் நுண்தாதுக்களும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் எல்லை ஊர்களில் வீட்டுக்கொட்டகையில் கோழி வளர்ப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில், இம்முறை பெரும்பாலானவை முட்டை ஓட்டைப் பற்றியவையாகவே இருந்தன.

ஐயா, என்னிடம் எழுபது வாரம் ஆன நூறு பிவி-380 கலப்பின முட்டைக்கோழிகள் உள்ளன. கிளிஞ்சலைத் தாராளமாகப் போட்டும் ஓடு மெலிந்தே வருகிறது. இன்னும் கூட்டலாமா? (எருத்தேம்பதி)

கூட்ட வேண்டாம். ஓட்டின் எடையில் நூற்றுக்கு 94 பங்குக்கு மேல் கால்சியம் கார்பனேட்தான் என்பதால், ஓடு மெலிந்தவுடன் கிளிஞ்சல் மூட்டையைத் தேடிக் கை போவது இயல்பே. ஆனால் லேயர் தீவனத்தில் (முட்டையிடும் கோழிக்கான தீவனத்தில்) கால்சியம் ஏற்கெனவே நூற்றுக்கு 4 பங்கு அளவில் இருக்கும்போது, அதற்கு மேல் சேர்க்கும் கால்சியம் தவிட்டிலும் புண்ணாக்கிலும் உள்ள பைட்டேட் என்ற பொருளோடு சேர்ந்து துத்தநாகத்தைக் குடலிலேயே கட்டிப்போட்டுவிடுகிறது. அந்தத் துத்தநாகம் கோழிக்குப் பயன்படாமல் எச்சத்தோடு வெளியேறிவிடும்.

ஓடு உருவாவதற்குத் துத்தநாகம் இன்றியமையாதது. கோழியின் உடலில் ஓடு படியும் இடமான ஓட்டுச் சுரப்பியில் முட்டை ஏறத்தாழ 20 மணி நேரம் தங்கியிருக்கும்போது, கால்சியத்தோடு இணைய வேண்டிய கார்பனேட்டுக்கு வழி செய்வது கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி; அந்த நொதியின் நடுவில் இருப்பது துத்தநாகம். மாங்கனீசு குறைந்தால், படிகங்கள் பற்றிக்கொண்டு வளர்வதற்கான புரதச் சட்டகம் சரியாக அமைவதில்லை. தாமிரம் குறைந்தால், ஓட்டின் அடியிலுள்ள சவ்வின் இழைகள் ஒழுங்காகப் பின்னப்படாமல், அதன் மேல் படியும் ஓடும் கோணலாகிவிடுகிறது.

இதில் வயதுக்கும் பங்கு உண்டு. வயதான கோழியின் முட்டை பெரிதாகிறது. ஓட்டுக்குக் கிடைக்கும் பொருளோ அதே அளவில் கூடுவதில்லை, ஆகவே ஓடு மெல்லியதாகப் பரவுகிறது. எந்தத் தாது உப்பும் இதை முழுவதுமாக மாற்றிவிடாது.

கிளிஞ்சலைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, 2 முதல் 4 மில்லிமீட்டர் துண்டுகளாக மாலைத் தீவனத்தில் கொடுங்கள். துண்டுகள் அரைவைப் பையில் தங்கி, ஓடு உருவாகும் இரவு நேரத்தில் மெதுவாகக் கரையும். பிறகு, இந்த நுண்தாதுக்களுக்காகத் தீவனத்தில் கலக்கும் தாது உப்புப் பையின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் 1994-இல் குறித்த குறைந்தபட்சத் தேவை ஒரு கிலோ தீவனத்துக்குத் துத்தநாகம் 35, மாங்கனீசு 20 மில்லிகிராம். இன்றைய கலப்பினங்களின் கையேடுகள் இதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் கேட்கின்றன.

மாற்றத்தை நீங்களே அளந்து பார்க்கலாம். இருட்டறையில் கைபேசி விளக்கின் மேல் முட்டையை வைத்து மெல்ல உருட்டுங்கள். பகலில் குற்றமற்றதாகத் தெரிந்த முட்டையில்கூட மயிரிழை விரிசல் ஒளிக்கோடாக ஓடுவதைக் காண்பீர்கள். நூற்றுக்கு எத்தனை என்று வாரந்தோறும் குறித்து வையுங்கள்.

எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. தோல்முட்டை (ஓடு இல்லாமல் சவ்வு மட்டும் உள்ள முட்டை) அதிகமாக வருவதற்கு அதுவும் காரணமா? (வடகரப்பதி)

காரணமாக இருக்கலாம். பலரும் தீவனத்தை மாற்றிக்கொண்டே இருந்துவிட்டுத் தண்ணீரைக் கவனிக்காமல் விடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. குடிநீரில் சமையல் உப்பு மிகும்போது ஓட்டுச் சுரப்பியில் மேலே சொன்ன நொதியின் செயல் குறைகிறது என்பதையும், பிறகு நல்ல தண்ணீர் கொடுத்தாலும் கோழிகள் விரைவில் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை என்பதையும் ஆஸ்திரேலியாவில் 1980-களில் நடந்த ஆய்வுகள் காட்டின. மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தோடு இணைத்த துத்தநாகத்தைக் கொடுத்தபோது பாதிப்பு குறைந்தது. முதலில் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். முடிவு வரும்வரை குழாய்த் தண்ணீரையோ சேமித்த மழைநீரையோ கொடுங்கள். கருவாட்டுத் தூள் சேர்ப்பவராயின், அதிலுள்ள உப்பையும் கணக்கில் கொள்ளுங்கள். முட்டை எண்ணிக்கையும் திடீரென்று சரிந்திருந்தால் அது நோயாகவும் இருக்கலாம். தாமதிக்காமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

பங்குனி, சித்திரையில் மட்டும் ஓடு மெலிகிறதே? (கோபாலபுரம்)

வெயிலில் கோழி வாய் திறந்து இரைக்கும்போது கரியமில வாயு மிகுதியாக வெளியேறி, ஓட்டுக்கு வேண்டிய பைகார்பனேட் இரத்தத்தில் குறைகிறது; தீவனமும் குறைவாகவே உள்ளே போகிறது. விடியற்காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும் தீவனம் வையுங்கள். தண்ணீர்த் தொட்டியை நிழலுக்கு மாற்றுங்கள்.

செலினியம் நல்லது என்கிறார்கள். தாது உப்பை இரட்டிப்பாகப் போடலாமா? (மீனாட்சிபுரம்)

கூடவே கூடாது. செலினியம் என்ற நுண்தாதுவில் தேவைக்கும் நஞ்சுக்கும் உள்ள இடைவெளி சிறியது. ஒரு கிலோ தீவனத்துக்கு 0.3 மில்லிகிராம் தாராளம். 5 மில்லிகிராமை எட்டினால் அடை வைக்கும் முட்டைகளில் பொரிப்பு குறையும், ஊனமான கருக்கள் தோன்றும். அளவு சரியாக இருந்தாலும் கலப்பு சரியில்லாவிட்டால் இதே ஆபத்து உண்டு. நான் பார்த்த ஒரு கொட்டகையில் தாது உப்பை மூட்டையின் மேலே தூவி, மண்வெட்டியால் நாலு புரட்டு புரட்டி முடித்துவிட்டார்கள். தொட்டியின் ஒரு மூலையில் தீவனம் சாம்பல் நிறமாகவும் மறுமூலையில் வெறும் மஞ்சளாகவும் கிடந்தது. தாது உப்பை அதைப் போல் பத்து மடங்கு மக்காச்சோள மாவில் முதலில் கலந்து, அந்தக் கலவையைத்தான் முழுத் தீவனத்தில் சேர்க்க வேண்டும். வைட்டமின் கலவையோடு ஒரே டப்பாவில் மாதக்கணக்கில் வைக்காதீர்கள். ஈரம் பட்டால் சல்பேட் உப்புகள் வைட்டமின்களை அழித்துவிடும்.

அவித்த முட்டையின் மஞ்சள்கருவைச் சுற்றிப் பச்சை வளையம் தெரிகிறது. தீவனத்தில் இரும்பு மிகுதியா? (கொழிஞ்சாம்பாறை, உணவகம் நடத்தும் வாசகி)

இல்லை அம்மா. நெடுநேரம் வேகும்போது வெள்ளைக்கருவிலிருந்து வரும் கந்தக வாயு மஞ்சள்கருவில் இயல்பாகவே உள்ள இரும்போடு சேர்வதால் அந்த நிறம் வருகிறது. சாப்பிடுவதால் கெடுதல் இல்லை. கொதி வந்து 10 நிமிடத்தில் இறக்கி, உடனே பச்சைத் தண்ணீரில் போட்டுவிடுங்கள்.