கராஜ் பக்கம்: குறைவாக ஓடிய காருக்குக் கூலன்ட் மாற்றுவது எப்போது?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. எங்களிடம் 2013இல் ஜப்பானில் தயாரான டொயோட்டா விட்ஸ் கார் இருக்கிறது. இங்கே பதிவு செய்தது 2015இல். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு, மாதம் ஒருமுறை ஹட்டன் வங்கிக்கு, இடையிடையே நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு, அவ்வளவுதான் அதன் ஓட்டம். மீற்றர் இன்னும் 38,000 கிலோமீற்றரைத் தாண்டவில்லை. எஞ்சினைக் குளிர வைக்கும் கூலன்ட்டை ஒருமுறையும் மாற்றியதில்லை. சேர்விஸ் செய்யும் இடத்தில் ஒவ்வொரு சேர்விஸுக்கும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். மருமகனோ 160,000 கிலோமீற்றர் வரை தொடவே தேவையில்லை என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
— வாசகி, தலவாக்கலை

பதில்: டீச்சர், இரண்டு பேர் பேச்சையும் விட்டுவிடுங்கள். இந்த மாதமே மாற்றுங்கள். மாற்றிய பிறகு நாலு வருடத்துக்கு யார் சொன்னாலும் மாற்றாதீர்கள்.

மருமகன் சொன்ன இலக்கம் சரியானதுதான். டொயோட்டாவின் இளஞ்சிவப்பு சூப்பர் லோங் லைஃப் கூலன்ட்டுக்கு முதல் மாற்றம் 160,000 கிலோமீற்றரில். ஆனால் உங்கள் கார் ஜப்பான் உள்ளூர்ச் சந்தைக்காகச் செய்தது. அங்கே அந்தக் கணக்கோடு இன்னொன்றும் சேர்ந்து வரும்: அல்லது 7 வருடம், எது முதலில் வருகிறதோ அது. அதன் பிறகு 80,000 கிலோமீற்றர் அல்லது 4 வருடம். உங்களைப் போல் குறைவாக ஓடுகிறவர்களுக்கு எப்போதும் வருடம்தான் முந்தி வரும். அந்த 7 வருடத்தையும் 2015இல் இருந்து எண்ணக் கூடாது. கூலன்ட் கார்த் தொழிற்சாலையிலேயே ஊற்றப்பட்டது. அதன் வயது 2013இல் தொடங்கிவிட்டது. ஜப்பானில் பாவித்து இங்கே வந்த ரீகண்டிஷன் கார் வாங்கிய பலர் இந்த இடத்தில்தான் கணக்குத் தவறுகிறார்கள். பதிவுப் புத்தகத்தில் தயாரித்த வருடம் தனியாக இருக்கும், அதைப் பாருங்கள்.

ஓடாமல் நிற்கிற தண்ணீர் எப்படிப் பழுதாகும் என்று கேட்பீர்கள். கூலன்ட் என்பது தண்ணீரும் எத்திலீன் கிளைக்கோலும், கூடவே உலோகத்தைத் துருவிலிருந்து காக்கும் சில சேர்மானங்களும் கலந்த திரவம். கிளைக்கோல் எளிதில் தீராது. சூடும் காற்றும் படப்பட அது கொஞ்சம் கொஞ்சமாக அமிலமாக மாறும். அந்த அமிலத்தை அடக்குவதிலும், ரேடியேட்டரின் அலுமினியத்தையும் எஞ்சினின் உள்பக்கத்தையும் காப்பதிலும் சேர்மானங்கள் செலவாகிவிடும். வீட்டு இரும்புக் கேட்டுக்கு அடித்த பெயின்ட் போலத்தான்: கேட்டைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும் நம்மூர் மழை அதைத் தின்றுகொண்டே இருக்கும். தினம் கொழும்பு போய்வரும் வாடகை வானை விட உங்கள் காரில் இது மெதுவாக நடக்கும், உண்மைதான். மெதுவாக நடந்தாலும் பன்னிரண்டு வருடம் பெரிய காலம். 2020இல் ஊரடங்கு, 2022இல் பெற்றோல் இல்லாமல் மாதக் கணக்கில் நின்றது, எல்லாம் அந்த வயதில் சேர்த்திதான்.

சரி, பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாதா? ஓரளவுக்கு முடியும். எஞ்சின் நன்றாகக் குளிர்ந்த பிறகு ரிசேர்வ் டாங்கைப் பாருங்கள். மட்டம் இரண்டு கோட்டுக்கும் நடுவில், நிறம் தெளிவாக இருந்தால் நல்லது. தேயிலைச் சாயம் போல் தெரிந்தால் துரு. மேலே எண்ணெய் மிதந்தால் விஷயம் வேறு, உடனே கராஜுக்குக் கொண்டு போங்கள். ஆனால் நிறம் தெளிவாக இருப்பதால் மட்டும் கூலன்ட் நல்லது என்று அர்த்தமில்லை, ஏனென்றால் சாயம் கடைசி வரைக்கும் மங்காமல் இருக்கலாம். சில கராஜ்களில் ஒரு சொட்டு எடுத்து சின்னக் குழாய் போன்ற கருவியில் வைத்துப் பார்த்து, "நல்லா இருக்கு" என்பார்கள். அது கிளைக்கோல் எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான் காட்டும். துருவைத் தடுக்கும் சத்து மிஞ்சியிருக்கிறதா என்பது அதில் தெரியாது. அதனால்தான் வருடக் கணக்கை நான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நம்மூரில் இன்னொரு காரணமும் இருக்கிறது. நுவரெலியாவில் உறைபனி தேயிலையைக் கருக்கும், ஆனால் எஞ்சின் உறைகிற அளவுக்குக் குளிர் இல்லை. ஆகவே இங்கே கூலன்ட்டின் வேலை துருவைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும்தான். ஏறக்குறைய 300 மீற்றர் உயரத்துக்கு 1 பாகை வீதம் தண்ணீர் முன்கூட்டியே கொதிக்கும். 1,868 மீற்றரில் இருக்கும் நுவரெலியாவில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 94 பாகை அளவில் கொதித்துவிடும். எஞ்சினின் வழக்கமான சூடே கிட்டத்தட்ட 90 பாகை. ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் உள்ளே கொதிக்காமல் இருக்கிறது. நானுஓயா ஏற்றத்தில் லொறிக்குப் பின்னால் முதல் கியரில் ஊர்ந்து போகும்போது அந்த மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பன்னிரண்டு வருட ரப்பரை நான் நம்ப மாட்டேன். கூலன்ட்டோடு மூடியையும் மாற்றச் சொல்லுங்கள். அழுத்த எண் பழைய மூடியில் உள்ளதாகவே இருக்க வேண்டும். உங்கள் விட்ஸில் சூடு காட்டும் முள்ளும் கிடையாது. குளிரில் நீல விளக்கு, சூடு மிஞ்சினால் சிவப்பு விளக்கு, நடுவில் ஒன்றும் சொல்லாது. மாதம் ஒருமுறை பொனட்டைத் திறந்து மட்டம் பார்க்கும் பழக்கம் இருந்தால் போதும்.

மாற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள் டீச்சர். பழையது தெளிவாக வடிந்தால் ஃப்ளஷ், அதாவது உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவுவது, வேண்டாம் என்று சொல்லுங்கள். ஃப்ளஷ் செய்த தண்ணீரில் பாதி எஞ்சினுக்குள்ளேயே தங்கி, ஏற்கனவே தண்ணீர் கலந்து வரும் புதுக் கூலன்ட்டை இன்னும் மெலிதாக்கிவிடும். துருநிறத்தில் வடிந்தால் மட்டும் ஃப்ளஷ் அவசியம். அதற்கும் டிஸ்டில்ட் வோட்டர்தான், பெற்றோல் ஷெட்டில் வாங்கும்போது பற்றரி அசிட் போத்தலோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். நிரப்பும்போது காரின் முன்பக்கம் மேலே இருக்கும்படி நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மின்விசிறி சுற்றும் வரை ஓடவிட வேண்டும். அப்போதுதான் உள்ளே மாட்டிய காற்று வெளியேறும். தலவாக்கலையில் சரிவான பாதைக்குப் பஞ்சமா என்ன! ஆறவிட்டு மறுபடி மட்டம் பார்த்து, திகதியை ஒரு துண்டில் எழுதி பொனட்டின் உள்பக்கம் ஒட்டிவிடச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் பழைய லைட் ஏஸ் வானுக்கு அப்பா காலத்திலிருந்து பீலித் தண்ணீர்தான் ஊற்றுகிறோம். ஒன்றும் ஆகவில்லை. இனி கூலன்ட் ஊற்றினால் லீக் வரும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா அண்ணா?
— வாசகர், பொகவந்தலாவை

பதில்: தம்பி, அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. துரு சின்னச் சின்ன ஓட்டைகளை அடைத்து வைத்திருக்கும். கழுவினால் அவை திறக்கும். ஓட்டை ஏற்கனவே இருந்தது, கூலன்ட் அதைக் காட்டிக்கொடுக்கிறது. நம் பீலித் தண்ணீரில் யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் போல் சுண்ணாம்பு இல்லாததால் அடைப்பு குறைவு. ஆனால் துருவைத் தடுக்க அதில் ஒன்றுமே இல்லை. கினிகத்தேனை ஏற்றத்தில் ஒருநாள் நிற்பதை விட, வீட்டு வாசலில் லீக்கைக் கண்டுபிடிப்பது நல்லதல்லவா? ஹோஸ்களையும் வோட்டர் பம்ப்பையும் முதலில் பாருங்கள். தேவையானதை மாற்றி, தெளிவாக வரும் வரை கழுவி, அப்புறம் கூலன்ட் நிரப்புங்கள். பாதையில் அவசரத்துக்கு பீலித் தண்ணீர் ஊற்றினால் தப்பில்லை. ஆனால் அப்படி ஊற்றியது ஒரு லீற்றருக்கு மேல் போனால் வருடக் கணக்கை மறந்துவிட்டு முழுவதையும் மாற்றுங்கள். இது புதுக் காருக்கும் பொருந்தும்.

கேள்வி: பச்சையும் இளஞ்சிவப்பும் கலக்கலாமா?
— வாசகர், பண்டாரவளை

பதில்: வேண்டாம். நிறம் என்பது கம்பனி போடும் சாயம், அதற்குப் பொது விதி இல்லை. ஒரே நிறத்தில் இரண்டு வகை இருக்கும், இரண்டு நிறத்தில் ஒரே வகை இருக்கும். போத்தலில் எழுதியிருப்பதைப் படித்து, காரின் கையேட்டோடு ஒப்பிட்டு வாங்குங்கள்.

கேள்வி: அக்வா ஹைபிரிட் காரில் இரண்டு டாங்கி தெரிகிறதே?
— வாசகி, பதுளை

பதில்: ஒன்று எஞ்சினுக்கு, மற்றது பற்றரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வேர்ட்டருக்கு. இன்வேர்ட்டருக்குத் தனிச் சுற்று, தனி பம்ப், தனி கால அட்டவணை. ஒன்றை மாற்றிவிட்டு இரண்டையும் மாற்றியதாகப் பில் போட்டால் கேள்வி கேளுங்கள். இன்வேர்ட்டர் சுற்றில் காற்று தங்காமல் எடுக்கத் தெரிந்தவரிடம் மட்டும் அந்த வேலையைக் கொடுங்கள்.

கேள்வி: வடித்த பழைய கூலன்ட்டை லயத்துக் கானில் ஊற்றினால் ஏதும் ஆகுமா?
— வாசகர், மஸ்கெலியா

பதில்: தயவுசெய்து ஊற்றாதீர்கள். கான் ஓடைக்குப் போகும், ஓடைத் தண்ணீரைக் கீழே இருக்கிறவர்கள் குடிக்கிறார்கள். கிளைக்கோல் இனிக்கும், அதனால் நாயும் பூனையும் நக்கும். கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் கெட்டு உயிர் போகும், மனிதருக்கும் அப்படித்தான். சோடா போத்தலில் ஊற்றி வைக்கவே வேண்டாம். பச்சை நிறத்தைப் பார்த்துப் பிள்ளைகள் குடிபானம் என்று நினைப்பார்கள். மூடியுள்ள கேனில் ஊற்றி, மேலே பெயர் எழுதி, மாற்றுகிற கராஜிலேயே ஒப்படைத்துவிடுங்கள். பழைய எஞ்சின் ஒயிலோடு சேர்த்து ஊற்ற அங்கேயும் விடாதீர்கள்.