கட்டுப்பாட்டுப் பொறியியல் முதுநிலையும் மறந்துபோன கணிதமும்

இயந்திரப் பொறியியல் முடித்துச் சில ஆண்டுகள் வேலை பார்த்தபின் கட்டுப்பாட்டுப் பொறியியலில் முதுநிலை சேரவிருப்பதாகவும், கணிதம் மறந்துபோனதே அச்சமாக இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். எல்லாவற்றையும் மீட்க முயலாமல், நேரியல் இயற்கணிதத்திலிருந்து தொடங்குங்கள். ஒரு நேரியல் அமைப்பின் நிலைச் சமன்பாட்டு அணியின், அதாவது அமைப்பு நேரத்தோடு எப்படி மாறுகிறது என்பதைச் சொல்லும் எண் அணியின், ஐகன் மதிப்புகள் (eigenvalues) அனைத்தின் மெய்ப்பகுதியும் எதிர்க்குறியாக இருந்தால்தான் அது குலைக்கப்பட்ட பின்னும் தானாகச் சமநிலைக்குத் திரும்பும் என்பதை, சுருள்வில், நிறை, தணிப்பான் கொண்ட எளிய அமைப்புக்கு நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். அதிர்வியலில் முன்பே படித்த இயல் அதிர்வெண்ணும் தணிப்பு விகிதமும் அந்த மதிப்புகளுக்குள்ளேயே இருப்பது தெரியும்போது, இந்தத் துறை உங்களுக்கு அந்நியமன்று என்பது புலப்படும். அடுத்தது நிகழ்தகவு, பிழை கலந்த அளவீடுகளிலிருந்து அமைப்பின் உண்மை நிலையை மதிப்பிட 1960இல் ருடால்ஃப் கால்மன் என்ற பொறியாளர் வெளியிட்ட வடிப்பான் (Kalman filter) அதன்மீதே நிற்கிறது. முனைவர் பட்டம் மனத்தில் இருந்தால் ஆய்வேடு எழுதும் பிரிவையே தேர்ந்தெடுங்கள். ஆனால் வழிகாட்டி வரைவுகளை எவ்வளவு விரைவில் படித்துத் தருகிறார் என்பதை, சேர்வதற்கு முன்பே அவருடைய மாணவர்களிடம் கேட்டுவிடுங்கள்.