வாசகர் கேள்வி: சம்பள உச்சவரம்பு

கேள்வி: வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்தில் கால்பந்து ஆடுபவன் நான். ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில் காலிங்வுட் அணி 2020இல் ஆடம் ட்ரெலோர் என்ற சிறந்த வீரரை வேறு அணிக்கு அனுப்பிவிட்டு, அவருடைய சம்பளத்தில் ஒரு பகுதியையும் தானே கொடுக்க ஒப்புக்கொண்டது ஏன்?

பதில்: அங்கே ஓர் அணி தன் வீரர்கள் அனைவருக்கும் சேர்த்துத் தரக்கூடிய மொத்தச் சம்பளத்துக்கு 1987 முதலே உச்சவரம்பு உண்டு, பணக்கார அணிகளே நல்ல வீரர்களை எல்லாம் வளைத்துப்போடக் கூடாது என்பதே அதன் நோக்கம். இந்த வரம்பை ஏமாற்றிய கார்ல்டன் அணி, 2002இல் பெரும் அபராதத்தோடு, இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முதலிரண்டு வாய்ப்புகளையும் இழந்தது. காலிங்வுட் செய்த தவறு வேறு வகையானது. இப்போது குறைவாகவும் பின்வரும் ஆண்டுகளில் கூடுதலாகவும் சம்பளம் என்று பலருக்கு ஒப்பந்தம் எழுதியதால், அந்தச் சுமை ஒரே சமயத்தில் வந்து விடிந்தது. ட்ரெலோருக்கு ஐந்து ஆண்டு ஒப்பந்தம் மீதமிருந்தது. முழுச் சம்பளத்தையும் ஏற்க வேறு அணி முன்வராதபோது, ஒரு பகுதியைத் தானே சுமந்தாலும் மீதித் தொகை வரம்பிலிருந்து விடுபடுகிறது என்பதே கணக்கு. ஒப்பந்தத்தில் உள்ள வீரரை அவர் சம்மதமின்றி மாற்ற முடியாது என்ற விதி இருப்பினும், 'நீ வேண்டாம்' என்று அணியே சொன்ன பிறகு பெறப்படும் சம்மதத்தை முழுமனதான சம்மதமாக என்னால் ஏற்க இயலவில்லை. மறு ஆண்டு அவர் வெஸ்டர்ன் புல்டாக்ஸ் அணிக்காக இறுதிப்போட்டியில் ஆடினார். காலிங்வுட் பதினெட்டு அணிகளில் பதினேழாவதாக வந்தது.