முதன்முறையாக வீடு வாங்கி வாடகைக்கு விடுகிறவர் எதைக் கவனிக்க வேண்டும்?

சேமிப்போடு வங்கிக் கடனும் எடுத்து கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீடு வாங்கி வாடகைக்கு விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடலாம். ஆனால் வாங்கும்போது உறுதியைத் துருவித் துருவிப் பார்க்கும் நம்மவர்கள், வாடகைக்குக் கொடுக்கும்போது முகத்தைப் பார்த்துத் திறப்பைக் கொடுத்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் கொடுத்தேன்.

காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் என் இரண்டு அறை வீடு. முதலில் வந்தவர் ஊர்க்காரர். அந்த நம்பிக்கையில் ஒரு கடதாசியில் வாடகையையும் திகதியையும் எழுதி இருவரும் கையொப்பமிட்டோம். பதினொரு மாதம் ஒழுங்காகத் தந்தவர், பிறகு ஐந்து மாதம் தரவில்லை. சட்டத்தரணி அந்தக் கடதாசியை ஒருமுறை பார்த்துவிட்டு மடித்து என் பக்கமே நகர்த்தினார். 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை உறுதிகளை எழுதி அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதை அன்றுதான் அறிந்தேன். கடைசியில் நிலுவையை விட்டுக்கொடுத்துத்தான் திறப்பைத் திரும்ப வாங்கினேன்.

ஆகவே நொத்தாரிசுக் கட்டணத்தையும் முத்திரை வரியையும் வீண்செலவாக நினைக்காதீர்கள். குத்தகை முடிந்தும் வெளியேறாதவரிடமிருந்து வீட்டை மீட்க 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் விரைவான வழியொன்றைத் தந்திருக்கிறது. முறையாக எழுதிய குத்தகை கையில் இல்லாவிட்டால் அந்த வழியில் நீங்கள் இறங்கவே முடியாது. குடிவருபவர் உறவினர் என்றால் இன்னும் கட்டாயமாக எழுதுங்கள். உறவு கெடாமல் இருப்பதற்கும் அதுதான் நல்லது.

கடன் தவணையைப் பன்னிரண்டு மாத வாடகையோடு ஒப்பிடாதீர்கள். பத்து மாதமென்று கணக்கிடுங்கள். ஒருவர் போய் இன்னொருவர் வரும்வரை வீடு பூட்டிக் கிடக்கும், வெள்ளையடிக்க வேண்டும், தரகர் கூலி இருக்கிறது. கட்டடப் பராமரிப்புக் கட்டணமோ ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதம் தவறாமல் வரும். கடற்காற்று வேறு. என் வீட்டு ஜன்னல் பிணைச்சல்கள் மூன்று வருடத்தில் துருப்பிடித்து, விரல் பட்டாலே செதில் செதிலாக உதிர்ந்தன. குளிரூட்டியின் வெளிப்பெட்டியும் அப்படித்தான் போனது. ஆறு மாதம், ஒரு வருடம் என்று வாங்கும் முற்பணத்தைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். திருப்பிக் கொடுக்க வேண்டிய வைப்பு எவ்வளவு, மாதாமாதம் கழிவது எவ்வளவு என்று குத்தகை உறுதியிலேயே பிரித்து எழுதி, வைப்பைத் தனிக் கணக்கில் போடுங்கள்.

வீட்டுக்காக மாநகர சபைக்குக் கட்டும் சோலைவரியை ஜனவரி 31க்குள் முழு வருடத்துக்கும் கட்டினால் கொழும்பு மாநகர சபை 10 சதவீதம் கழிக்கிறது; அதைத் தவறவிடாதீர்கள். திறப்பு கைமாறும் நாளில் மின்மானி, நீர்மானி இலக்கங்களை இருவரும் நின்று படமெடுங்கள். மின்சார, நீர்ப் பட்டியல் உங்கள் பெயரில் இருந்தால் நிலுவையும் உங்கள் தலையில்தான் விழும்.

வாங்குமுன் ஒன்று: அந்தக் கட்டடத்தின் வீடுகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் தொடர்மாடி வரைபடம் பதிவாகியிருக்கிறதா, நீங்கள் பார்த்த வீட்டுக்குத் தனி உறுதி இருக்கிறதா என்று சட்டத்தரணியைக் கொண்டு காணிப் பதிவகத்தில் பார்ப்பியுங்கள். பிறகு தருகிறோம் என்று கட்டியவர் சொன்னால், தரும்வரை முற்பணம் கொடுக்காதீர்கள்.