30 ஆட்டுக் கம்பளிக்கு எவ்வளவு கிடைத்திருக்கும்?

கேள்வி: 1295-ல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் நடக்கும் நாவல் எழுதுகிறேன். 30 செம்மறி வைத்திருக்கும் குடியானவன் கம்பளியை வண்டியில் ஏற்றி லண்டன் போய், ஃபிளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியப் பகுதி) வியாபாரியிடம் விற்று, ஒரு பை தங்கக் காசோடு திரும்புகிறான். நடந்திருக்குமா?

பதில்: நடந்திருக்காது. ஆனால் உண்மையில் நடந்தது உங்கள் கதைக்கு இன்னும் நல்ல தீனி.

முதலில் கணக்கு. அந்தக் காலத்துச் செம்மறி சின்ன உருவம். ஒரு ஆட்டில் சுமார் ஒன்றரை ராத்தல் (ஒரு ராத்தல் சுமார் 450 கிராம்) கம்பளிதான் கிடைக்கும். ஏற்றுமதிப் பொதி ஒன்று 364 ராத்தல். ஒரு பொதி நிரம்பவே 240 ஆடு வேண்டும். உங்கள் ஆளிடம் இருப்பது 45 ராத்தல், பொதியில் எட்டில் ஒரு பங்கு. இதற்காக யாரும் 300 கிலோமீட்டர் வண்டி கட்ட மாட்டார்கள்.

அவன் பக்கத்து ஊர்த் தரகரிடம் விற்றிருப்பான். இல்லையென்றால் மடத்துக்குக் கொடுத்திருப்பான். ஃபவுண்டன்ஸ், ரீவோ போன்ற, சிஸ்டர்சியன் என்ற கிறிஸ்தவத் துறவிகளின் மடங்களுக்குச் சொந்த மந்தையே ஆயிரக்கணக்கில் உண்டு. வரப்போகும் கம்பளிக்காகத் துறவிகள் இத்தாலிய வணிகர்களிடம் வருடக்கணக்கில் முன்பணம் வாங்கியிருப்பார்கள். ஆடுகளுக்குச் சொறி கண்டு கம்பளி குறைந்தால், சொன்ன அளவை நிரப்பச் சுற்றுவட்டாரக் குடியானவர்களிடம் வாங்கத்தான் வேண்டும்.

சொறி என்றதும் ஒரு காட்சி எழுதலாம். தாரில் கொழுப்பைக் கலந்து, கம்பளியை விரலால் வகிடு பிரித்து, தோலில் புண் இருக்கும் இடமாகப் பார்த்துத் தடவுவார்கள். ஒவ்வொரு ஆடாக. தார் வாங்கிய செலவு பண்ணைக் கணக்குகளில் திரும்பத் திரும்ப வருகிறது. ஜூன் மாதம் ஓடையில் ஆட்டைக் கழுவி, காயவிட்டு, அப்புறம்தான் கத்தரிப்பு.

சரி, பணம். சாதாரண வருடத்தில் நடுத்தரக் கம்பளி பொதிக்கு 5 பவுண்டு என்று வைத்தால், இவனுக்கு 12 ஷில்லிங் சொச்சம், அதாவது 148 பென்னி (ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி). கூலியாளுக்கு நாளுக்கு ஒன்றரை, இரண்டு பென்னி கிடைத்த காலம் அது. 75 முதல் 100 நாள் கூலி ஒரே நாளில் கையில். குடும்பத்துக்கு அது பெரிய தொகை. தங்கக் காசை மட்டும் எடுத்துவிடுங்கள். இங்கிலாந்தில் அது நிலையாகப் புழங்கியது 1344-க்குப் பிறகுதான். இவன் வாங்குவது வெள்ளிப் பென்னி, ஒன்று 1.4 கிராம். மொத்தமும் சேர்ந்து கால் கிலோகூட வராது.

நீங்கள் 1295-ஐத் தேர்ந்தெடுத்ததில்தான் எனக்கு மகிழ்ச்சி. 1275-லிருந்து ஏற்றுமதிப் பொதிக்கு 6 ஷில்லிங் 8 பென்னி வரி. 1294-ல் பிரான்சோடு போர் மூண்டதும் மன்னர் முதலாம் எட்வர்ட் அதை 40 ஷில்லிங் ஆக்கினார், ஆறு மடங்கு. துறைமுகத்தில் அதைக் கட்டியவர் வணிகர். ஆனால் கொள்முதல் விலையைக் குறைத்து அவர் குடியானவன் தலையில் இறக்கிவிட்டார். எதிர்ப்பு வலுத்து 1297-ல்தான் அந்த வரி நீங்கியது.

அதனால் லண்டன் பயணம் வேண்டாம். தரகர் இவன் வாசலுக்கு வரட்டும். கம்பளியைக் கையில் அளைந்து பார்த்துவிட்டு, "போன வருஷ விலை இப்போது கிடையாது" என்று சொல்லட்டும். துறைமுகத்தையே பார்த்திராத உங்கள் ஆளுக்குக் காரணம் புரியாது.