எத்தனையாவது படி?

கேள்வி: ஐயா, உலக மகிழ்ச்சி அறிக்கையில் 2018-லிருந்து பின்லாந்துதான் முதலிடம். ஆப்பிரிக்க நாடுகளில் நம் மொரீஷியஸ் பல வருஷமாக முன்வரிசையில் இருக்கிறது. வாழ்க்கை ஏணியில் எந்தப் படியில் நிற்கிறோம் என்று ஆட்களைக் கேட்டு அதைக் கணக்குப் போடுகிறார்களாம். உண்மையைச் சொல்லுங்கள், நாம் சந்தோஷமாகத்தான் இருக்கிறோமா? நீங்கள் எந்தப் படி?
(ஒரு வாசகி, கத்ர் போர்ன்)

பதில்: 'படி' என்று எழுதிவிட்டீர்களே அம்மா! இனி பின்லாந்துக்காரன் தப்பித்தான்.

அந்த ஏணி ஹாட்லி கான்ட்ரில் என்ற அமெரிக்க உளவியலாளர் 1965-ல் தந்தது. அடியில் 0, உச்சியில் 10. உச்சி என்பது உங்களுக்கு வாய்க்கக்கூடிய மிக நல்ல வாழ்க்கை, அடி என்பது மிக மோசமான வாழ்க்கை. இப்போது எங்கே நிற்கிறீர்கள்? அவ்வளவுதான் கேள்வி. 'மகிழ்ச்சி' என்ற சொல் அதில் மருந்துக்கும் கிடையாது. ஆனால் சராசரி எடுத்து மேலே 'மகிழ்ச்சி' என்று தலைப்புப் போடுகிறார்கள். உள்ளே ஒன்று, தலைப்பில் ஒன்று என்று அச்சடிக்கும் உரிமை எங்களைப் போன்ற பத்திரிகைக்காரர்களுக்கு மட்டும்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

நம் பெரியவர்களும் அந்தச் சொல்லைக் கண்டுகொள்ளவில்லை. 'பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க' என்கிறோமே, கல்வி, பொன், நெல், நன்மக்கள், துணிவு, நோயின்மை, வாழ்நாள் என்று போகும் அந்தப் பட்டியலில் நான் மனப்பாடம் செய்தவரை மகிழ்ச்சி இல்லை. (ரோஸ் ஹில்லில் ஒரு கல்யாணத்தில் ஒரு பெரியவர் இந்த வாழ்த்தைப் பதினாறு பிள்ளைகள் என்று பிரெஞ்சில் பெயர்த்துச் சொன்னார். மணப்பெண் மாப்பிள்ளையைப் பார்த்த பார்வையில் எந்தப் பேறும் தெரியவில்லை.)

பதினாறு என்றதும் நமக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. போர்ட் லூயியில் 1849-ல் கட்டிய ஆப்ரவாசி காட் துறையின் கல்படிகள் பதினாறு. 1834-லிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பேர் இந்தத் தீவுக்கு வந்தார்கள். மூட்டையோடு மூச்சு வாங்க மேலே வந்த ஒருவரை நிறுத்தி, 'ஐயா, 0 முதல் 10 வரை எந்தப் படி?' என்று கேட்டிருந்தால், 'பதினாறாவது படி, கொஞ்சம் வழிவிடு' என்றிருப்பார். இந்த இடத்தில், என் வழக்கப்படி, புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கொத்தனார்கள் பிரெஞ்சு ஆளுநர் லபூர்தொனே காலத்திலேயே, அதாவது அதற்கு நூறு வருஷம் முன்பே வந்துவிட்டார்கள் என்பதையும் பதிவு செய்துகொள்கிறேன். கூலிகள் வந்ததை நினைவுகூரும் நவம்பர் 2 கூட்டங்களில் இதைச் சொல்லிச் சொல்லித்தான் இப்போது எனக்கு மைக் கொடுப்பதில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நம் ஊர்க் கிரியோலில் 'கி மான்யேர்?' (எப்படி இருக்கீங்க?) என்றால் பதில் ஒன்றே ஒன்றுதான்: 'கொரெக்', அதாவது எல்லாம் சரி. வேலை போனாலும் கொரெக், மருமகள் வீட்டை விட்டுப் போனாலும் கொரெக். போன மாதம் எங்கள் தெருவுக்கு இரத்தம் சோதிக்கும் வண்டி வந்தது. வரிசையில் எனக்கு முன்னால் ஓய்வு பெற்ற ஒரு பஸ் கண்டக்டர். நர்ஸ் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதும் 'கொரெக், மாதாம்' என்றார். அந்தப் பெண் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள். வலது செருப்புத் தோலின் ஓரத்தைக் கத்தியால் அறுத்து, ஆறாத சுண்டுவிரல் வெளியே தெரியும்படி விட்டிருந்தார். விரலில் குத்தினார்கள், சர்க்கரை மீட்டர் 17 காட்டியது. இந்தியக் கணக்கில் 300-க்கு மேல். 'நேற்று கோயிலில் பொங்கல் கொஞ்சம் கூடிப்போச்சு' என்றார். அடுத்தது என் விரல். அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை, கொரெக்.

2021-ல் எடுத்த அரசாங்க சுகாதாரக் கணக்கெடுப்பில் 25 வயதுக்கும் 74 வயதுக்கும் இடைப்பட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு. ஆள் வந்து ஏணியைக் காட்டிக் கேட்டால் இவர்கள் அத்தனை பேரும் கொரெக்கான படியைத்தான் சொல்வார்கள். அதற்குப் பின்லாந்தில் சராசரி எடுப்பார்களோ, வாஷிங்டனில் எடுப்பார்களோ, நமக்கென்ன?

இப்போது எல்லோரும் 'வெல்னெஸ்' விற்கிறார்கள். கையில் கடிகாரம், நாளுக்குப் பத்தாயிரம் அடி. அந்தப் பத்தாயிரத்தை எந்த மருத்துவரும் நிர்ணயிக்கவில்லை. அதுவும் 1965-தான்: ஜப்பானில் ஒரு கம்பெனி விற்ற கருவியின் பெயரே 'பத்தாயிரம் அடி மீட்டர்'. ஏணியும் மீட்டரும் ஒரே வருஷத்தில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள் போல! கோர் தெ கார்த் மலைக்கோயிலில் அதிகாலையில் பாருங்கள், முருகனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடிகாரத்தைக் கும்பிடுகிறவர்கள் எத்தனை பேர்.

இந்த ஊரில் கொழுப்பு ஒருமுறை நிஜமாகவே குறைந்தது. 1987-ல் ரேஷன் எண்ணெயைப் பாமாயிலிலிருந்து சோயாவுக்கு அரசாங்கம் மாற்றியது. ஐந்து வருஷத்தில் சராசரி கொலஸ்ட்ரால் 5.5-லிருந்து 4.7-க்கு இறங்கியது. எண்ணெய் மட்டும் காரணம் இல்லை என்பார்கள், இருக்கட்டும். ஆனால் யாரும் மலை ஏறவில்லை, யாரும் தியானம் செய்யவில்லை. கத்தோ பிமான் (நம் ஊர் மிளகாய் வடை) பொரிந்த சட்டியில் எண்ணெய் மாறியது, அவ்வளவுதான். இதற்கு ஏன் ஒரு சிலை வைக்கவில்லை என்று நான் கேட்டு எழுதிய கடிதம் எங்கேயோ ஒரு கோப்பில் தூங்குகிறது.

நமக்குக் கோபம் வரும் விஷயமே வேறு. 1998-ல் புது ரூபாய் நோட்டில் தமிழை ஒரு படி இறக்கி இந்தியை மேலே ஏற்றினார்கள். தமிழர்கள் கொதித்தோம். அச்சடித்த நோட்டைத் திரும்ப வாங்கி, 1999-ல் தமிழை மேலே வைத்துப் புது நோட்டு விட்டார்கள். நல்ல காரியம், நானும் தொண்டை வறளக் கத்தியவன். பிறகு ஒருநாள், என்னோடு நின்று கத்திய நண்பரிடம் அந்த நோட்டை நீட்டி, அந்த வரியைப் படியுங்கள் என்றேன். கண்ணாடி கொண்டு வரவில்லை என்றார். இன்னும் கொண்டு வரவில்லை. மலைப்படியை எண்ணும் கடிகாரம் மட்டும் கையில் இருக்கிறது.

நான் எந்தப் படி என்று கேட்டீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை அந்த மலைக்கோயிலில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மேலேயிருந்து இறங்கி வந்த ஒரு பாட்டி, 'என்ன தம்பி, முடியலையா?' என்றாள். கொரெக் என்றேன்.

பின்குறிப்பு: படி என்றால் பிரதி என்றும் ஒரு பொருள் உண்டு. உங்களுக்கு அனுப்பும் படிக்கு இந்த வருஷச் சந்தா இன்னும் வரவில்லை.